ஈதர் பாட்டில்ல அஞ்சு பொட்டு

"அவரு தொறக்க மாட்டேன்னா நானும் வர மாட்டேன் சார். தாம்பாளத்த நீங்களே தூக்கினு போங்க."

"ஏம்மா வேண்டா, உனுக்கு இன்னா தெரியும்? அவன் எதுக்கு வேணாங்குறான்னு எனக்குத் தெரியாதா? சாமி கும்புடப் புடிக்கல. அத்த நேரா சொல்ல தைரியம் இல்ல, பாட்டில காட்டி பூச்சாண்டி காட்றான்."

"அப்புடியா? இத்தினி வருஷமா அந்த பாட்டிலுக்கெல்லாம் பொட்டு வெச்சது யாரு வெரலு சார்? உங்க வெரலா?"

கையில டீ ட்ரேயோட மாடிப்படி ஏறிகினு இருந்தேன். பாதியிலயே நின்னுட்டேன். அவங்க சொல்ற "அவன்" நான் தான்.

என் பேரு ஆபிரகாம். வயசு அம்பத்தொண்ணு. கேளம்பாக்கத்துல எறங்கி ரெண்டு கிலோமீட்டர் உள்ள போனா ஒரு தனியார் காலேஜ் கீது, பேரு வேணாம். அங்க கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டரு. பத்தொம்போது வருஷ சர்வீஸு. திருவிடந்தையில வூடு. எனக்கு கதை கட்டி எழுதத் தெரியாது, நடந்தத நடந்த மாதிரி எழுதறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

அங்க சண்ட போட்டுகினு இருந்தது ரெண்டு பேரு. ஒருத்தரு கோதண்டராமன் சார், ஆபீஸ் சூப்பிரண்டு. இன்னொண்ணு வேண்டா, அவங்க பேரே அது தான், எங்க பில்டிங்க பெருக்கித் தொடைக்கிற அம்மா, முட்டுக்காட்டுக்காரங்க.

விஷயம் இதான். ஆயுத பூஜ லீவுக்கு மொத நாளு காலேஜ்ல எல்லா டிபார்ட்மென்ட்லயும் பூஜ போடுவாங்க. மெக்கானிக்கல்காரங்களுக்கு மெஷினு, ட்ரைவருங்களுக்கு பஸ்ஸு. எங்களுக்கு ஸ்டோர் ரூம்ல கீற பாட்டிலுங்க. எல்லாத்தையும் எறக்கி ஈரத் துணியில தொடைச்சி, சந்தனம் வெச்சி, அதுமேல குங்குமம் வெப்போம். சந்தனம் கொழைக்கிறது வேண்டா. பொட்டு வெக்கிறது நான். ஆசிட் பாட்டில வேற யாரும் தொடக் கூடாதுன்னு நானே போட்ட ரூலு அது. எங்க சபையில கூட ஒருத்தரு கேட்டாரு, "இன்னாப்பா ஆபிரகாமு, நீ போயி பொட்டு வெக்கிறியாமே?"ன்னு. "பாட்டிலு கீழ வுழாம பாத்துக்கறவன் நானு, அதனால நான் வெக்கிறேன்"ன்னு சொன்னேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சிது. சுண்டலும் நல்லா இருக்கும், அதையும் ஒத்துக்கறேன்.

இந்த வருஷம் பூஜ அன்னிக்கு காலையில மேல் ஷெல்ஃப தொடைக்கறப்போ, கடைசி மூலையில ஒரு ஈதர் பாட்டிலு. ப்ரௌன் கண்ணாடி, அரை லிட்டரு. இந்த வருஷம் முன்னாடி டப்பாங்க அடுக்கி மறைஞ்சிருந்துச்சி. பாதிக்கும் கம்மியா கீது. மூடியச் சுத்தி கல்லு உப்பு மாதிரி வெள்ளையா படிஞ்சிகீது. போன வருஷம் பொட்டு வெக்கறப்போ இது இல்ல.

துணிய அப்படியே கீழ வெச்சேன். ஸ்டூல்ல இருந்து பூன மாதிரி எறங்குனேன்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். ஈதர் தொறந்த பெறவு காத்துபட்டு காத்துபட்டு வருஷக்கணக்குல கெடந்தா, உள்ளயே வேற ஒண்ணா மாறும். அது மூடியில காஞ்சி ஒட்டிக்கும். அந்த மூடிய திருவுனாலே வெடிக்கலாம். ஆட்டுனாலும் வெடிக்கலாம். இத்த நான் பெரிய படிப்பு படிச்சி தெரிஞ்சிக்கல. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி செங்கல்பட்டுல அட்டெண்டருங்களுக்கு ஒருநாள் ட்ரெய்னிங் குடுத்தாங்க. அன்னிக்கு பாதி பேரு கவனம் சாப்பாட்டு மேல. நான் மட்டும் மூணு வார்த்தைய கையில எழுதிக்கினு வந்தேன். தொடாத, தொறக்காத, நவுத்தாத. அதுக்குன்னு தெரிஞ்சவங்க வந்து தான் எடுக்கணும்.

ரூம பூட்டுனேன். சாவிய சட்டப் பாக்கெட்ல போட்டேன். பூட்டு மேல "யாரும் உள்ள போவாதீங்க"ன்னு எழுதி ஒட்டுனேன். கோதண்டராமன் சார் கிட்ட போயி சொன்னேன்.

அவரு கேட்ட மொத கேள்வி, "சேர்மன் வூட்டம்மா பதினோரு மணிக்கு வராங்க. கற்பூரம் எங்க காட்றது?"

"வெளிய காரிடார் அந்தக் கோடியில காட்டலாம் சார். தராசு, இடுக்கி, பியூரெட்டு, தீயணைக்கிற சிலிண்டரு, எல்லாம் வெளிய லேப்ல தான் கீது. அத்த மேசையில வெச்சி பொட்டு வெக்கிறேன்."

"சிலிண்டருக்கா பூஜ? ரூமுக்கு பெயின்ட் அடிச்சி வெச்சிகீது, போட்டோக்காரன் வரான். ஒரு பாட்டிலு தானேய்யா? எடுத்துனு போயி பின்னாடி கழிமொகத் தண்ணியில வீசிட்டு வா. அஞ்சு நிமிஷ வேல."

"தூக்குனா கையிலயே வெடிக்கும் சார். அப்படியே வெடிக்கலன்னாலும், அந்தத் தண்ணியில தான் வேண்டாவோட தம்பி எறா புடிக்கிறான்."

"நீ பெரிய சயின்டிஸ்ட்டு."

"இல்ல சார். அட்டெண்டரு."

அப்போ தான் என்ன டீ வாங்கினு வர அனுப்புனாரு. நான் அந்தாண்ட போனதும் வேண்டா மூலமா காரியத்த முடிச்சிக்கலாம்னு பாத்துகீறாரு. அவரு பீரோவுல கீற டூப்ளிகேட் சாவிய அவங்க கையில குடுத்து, "நீ தொற, நீ விளக்கேத்து"ன்னு சொல்லிகீறாரு. அதுக்குத் தான் அந்த சண்ட.

நான் மேல ஏறி, ட்ரேய ஜன்னல் மேல வெச்சேன். கதவுக்கு முன்னாடி போயி நின்னேன்.

"சார், சாமிய இதுல இழுக்காதீங்க. ஈதர் ஆவி கண்ணுக்குத் தெரியாது. தரையோட தரையா ஊர்ந்து வந்து நெருப்ப புடிக்கும். இத்தினி வருஷம் உள்ள தான் கற்பூரம் ஏத்துனோம். ஒண்ணும் ஆவல. ஆவலன்றதால சரின்னு நானும் வுட்டுட்டேன். இனிமே வுட மாட்டேன்."

"உன் காண்ட்ராக்ட் டிசம்பரோட முடியுது. ஞாபகம் கீதா?"

"கீது சார்."

"வழி வுடு."

"வுட மாட்டேன்."

வேல எனக்கு வேணும். எனக்கு பொண்ணு நர்சிங் படிக்கிது. ஆனா அந்த கதவுக்கு நேர் கீழ் ரூம்ல அறுவது புள்ளைங்க கிளாஸ்ல குந்திகினு கீதுங்க. அதுங்களும் யார் வூட்டு புள்ளைங்களோ தானே.

சத்தம் கேட்டு சிநேகா மேடம் வெளிய வந்தாங்க. புதுசா சேந்த லெக்சரரு. கோதண்டராமன் சார் அவங்கள பாத்து, "நீங்க சொல்லுங்க மேடம், ஒரு பாட்டிலுக்கு இவ்ளோ சீனா?"ன்னாரு. மேடம் என்ன பாத்தாங்க, அவர பாத்தாங்க, தரைய பாத்தாங்க. "எச்.ஓ.டி. கிட்ட கேட்டுக்கங்க சார்"னு உள்ள போய்ட்டாங்க. அப்புறமா தனியா வந்து, "அண்ணா, நீங்க சொல்றது தான் சரி. நான் ப்ரொபேஷன்ல இருக்கேன்"னாங்க. நான் இன்னா சொல்றது? "பரவால்ல மேடம்"னேன். மனசுக்கு பரவால்லன்னு இல்ல.

அதுக்குள்ள சேர்மன் வூட்டம்மா வந்துட்டாங்க. கோதண்டராமன் சார் மொகம் சட்டுனு மாறிச்சி, கையெல்லாம் கூப்புனாரு. யாரு இன்னா சொல்லப் போறாங்கன்னு நான் நெனைக்கறதுக்குள்ள, வேண்டா தாம்பாளத்த காரிடார் கோடி மேசையில 'ணங்'னு வெச்சாங்க.

"அம்மா, உள்ள ஒரு பாட்டிலு கெட்டுப் போயி கீதாம். நெருப்பு காட்டக் கூடாதாம். இங்கயே காட்டுங்க, சாமி காரிடாருக்கு வர மாட்டேன்னா சொல்லப் போவுது?"

அந்தம்மா சிரிச்சிட்டாங்க. "சரி, இங்கயே காட்டிடலாம்"னாங்க. ரெண்டு நிமிஷம். தராசுக்கும் சிலிண்டருக்கும் நான் தான் பொட்டு வெச்சேன். பொரி வாங்கினு போய்ட்டாங்க.

அதோட முடிஞ்சிதுன்னு நெனச்சேன். லீவு முடிஞ்சி போனா மேசையில மெமோ. "பூஜைக்கு இடையூறு விளைவித்ததற்கும், மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்கும், பழைய பாட்டில் என்று பொய்யான தகவல் பரப்பியதற்கும் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்."

பொய்யான தகவலாம். பாட்டிலு பழசுன்றதுக்கு ஆதாரம் இன்னான்னு கேக்குறாரு. பழைய ஸ்டாக் ரிஜிஸ்டர் அவரு ஆபீஸ்லயே கரையான் அரிச்சி போச்சி. பாட்டில்ல பாத்தா தொறந்த தேதி இல்ல.

இங்க தான் நான் ஒரு உண்மைய சொல்லணும். தேதி இருந்துச்சி. பாட்டில தொறந்த அன்னிக்கே நான் தான் லேபிள்ல பேனாவுல எழுதுவேன். ஆனா வருஷா வருஷம் ஈரத் துணியில தொடைச்சி, அந்த லேபிள் மேலயே சந்தனத்த அப்புனதும் நான் தான். லேபிளு தான் வெள்ளையா கீது, பொட்டு எடுப்பா தெரியும்னு. என் தேதிய என் வெரலே அழிச்சிட்சி.

முன்னாடி இருந்த டப்பாங்கள தொடைக்கறப்போவே எறக்கிட்டதால பாட்டிலு நேரா தெரிஞ்சிது, ரூம தொறக்காம கதவு கண்ணாடி வழியா செல்போன்ல பெருசு பண்ணி போட்டோ எடுத்தேன். எடுத்துட்டு உத்து உத்து பாத்தேன். சந்தனம் தொடைச்சா போயிடும். குங்குமம் பேப்பர்ல ஊறிடும், போவாது. போன வருஷப் பொட்டுக்குப் பக்கத்துல தான் அடுத்த வருஷம் வெப்பேன், அது என் பழக்கம். லேபிள்ல வரிசையா செவப்புக் கற. எண்ணுனேன். அஞ்சு. நடுவுல லாக்டவுன் வருஷம் பூஜயே போடல. அப்போ ஆறு வருஷத்துப் பாட்டிலு. ஈதர் தொறந்தா ஆறு மாசத்துக்கு மேல வெக்காதன்னு தான் ட்ரெய்னிங்ல சொன்னாங்க.

வேண்டாகிட்ட போட்டோவ காட்டுனேன். அவங்களும் வெரல் வுட்டு எண்ணுனாங்க. "அண்ணாத்த, சாமியே சாட்சி சொல்லிச்சி பாத்தியா"ன்னாங்க. சாட்சியா கையெழுத்து போடறியான்னு கேட்டேன். போட்டாங்க. சிநேகா மேடமும் சாயங்காலம் வந்து, நான் கேக்காமலே, அதுக்குக் கீழ போட்டாங்க.

விளக்கம் எழுதி குடுத்துட்டேன். இதான் எழுதுனேன்:

"சாவி குடுக்கல, உண்மை. மறுபடி கேட்டா மறுபடியும் குடுக்க மாட்டேன். பாட்டில்ல தேதி அழிஞ்சதுக்கு நான் தான் காரணம். அதுக்கு மெமோ குடுங்க, தலை குனிஞ்சி வாங்கிக்கறேன். மத்த எதுக்கும் வாங்க மாட்டேன். போட்டோ இணைச்சிருக்கேன். பொட்ட எண்ணிப் பாருங்க."

இப்போ எல்லா பாட்டில்லயும் தேதிய அழியாத மையில எழுதி, அதுமேல செல்லோடேப் ஒட்டணும்னு முடிவு பண்ணிகீறேன். பொட்டு இனிமே பாட்டிலுக்கு இல்ல, ஷெல்ஃபு கட்டைக்கு. ஆனா அந்த ஒரு பாட்டிலு இன்னும் உள்ள தான் கீது. அடுத்த மாசம் ப்ராக்டிக்கல் எக்ஸாம். அதுக்கு ரூம தொறக்கணும்னு நோட்டீஸ் போட்டாச்சி. டூப்ளிகேட் சாவி அவரு பீரோவுல. அதனால நான் ரெண்டாவது பூட்டு ஒண்ணு சொந்தமா வாங்கி போட்டுகீறேன். அந்த சாவி என் பாக்கெட்ல கீது. வேலைய வுட்டு எடுத்தாலும் பாட்டிலு போற வரைக்கும் குடுக்க மாட்டேன்.

மூணு எடத்துக்கு போன் பண்ணேன், இவன் அவன கேளுன்னான், அவன் இவன கேளுன்னான். அதனால உங்கள கேக்குறேன். செங்கல்பட்டு பக்கம் காலேஜ், கம்பெனி லேப்ல வேல செய்றவங்க யாராச்சும் இத்த படிச்சா, இந்த மாதிரி பழைய ஈதர் பாட்டில உங்க எடத்துல யாரு வந்து எடுத்தாங்க? பேரும் போன் நம்பரும் கீழ எழுதுங்க. லைக்கு வேணாம், நம்பரு போடுங்க.