இரண்டு மிஷினும் ஒரு விக்கலும்

தாராபுரத்தில் கல்யாணம் என்றால் பெண் வீட்டார் ஒரு சிந்தசைசர் கீபோர்டும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு டிரம் மிஷினும் கொண்டுவர வேண்டும். சீர்வரிசையில் அண்டா குண்டா குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். இவை இல்லாமல் முடியாது. மண்டபத்துக்குள் நேரம் ஓடுவதே இவற்றால்தான்.

இரண்டையும் ஒரு வயரால் இணைப்பார்கள். ஒன்று தாளம் கொடுக்கும். அதற்கு மாஸ்டர் என்று பெயர். மற்றது அதைக் கேட்டு நடக்கும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் சம்பந்திகள் என்று இரண்டு பேர் இருக்கிறார்களே!

கோகிலவாணி மணவறையில் உட்கார்ந்திருந்தாள். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவள். மாப்பிள்ளை பூவரசனை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தாள். இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. ஏன் தோன்றியது என்றுதான் தெரியவில்லை. கூட இருந்து கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றிருந்தது.

"எங்க மிஷின்தானுங்க மாஸ்டரு," என்றார் அவள் அப்பா நாச்சிமுத்து.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாங்க. எங்க தாளத்துக்குத்தான் எல்லாரும் வரோணும்," என்றார் பூவரசனின் அப்பா சென்னியப்பன்.

ஆளுக்கொரு பொத்தானை அமுக்கினார்கள். ஓர் உறையில் இரண்டு கத்தி எங்கே இருக்கும்? மண்டபம் நடுவில் பிளந்துகொண்டது. கட்டடம் அல்ல, நேரம். பெண் வீட்டுப் பக்கம் பந்தி முடிந்து வெற்றிலை போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் அப்போதுதான் காலைக் காபி வந்தது. பக்கத்தில் இருந்த பூவரசன் மெல்ல மெல்ல நேற்றைய ஆளானான். முகத்தில் சவரம் செய்யாத தாடி வந்துவிட்டது.

பெரிய மனிதர்கள் நடுவில் புகுந்து சமாதானம் பேசினார்கள். விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்றார்கள். சம்பந்திகள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"நீங்களே மாஸ்டரா இருங்க சம்பந்தி," என்றார் நாச்சிமுத்து.

"அதெப்படிங்க? பொண்ணைக் குடுக்கறவங்க நீங்க. நாங்க உங்க பின்னால வர்றோம்," என்றார் சென்னியப்பன்.

மறுபடியும் ஆளுக்கொரு பொத்தான். பூவரசனின் தாடி மறைந்தது. மண்டபம் ஒட்டிக்கொண்டது. மிச்சமிருந்த தாளத்தில் கெட்டிமேளம் கொட்டினார்கள், அவன் தாலியை எடுத்தான். கோகிலவாணிக்குத்தான் திக்கென்றது. தொழில் தெரிந்தவள் அல்லவா? இரண்டு மிஷினும் மற்றது கொடுக்கட்டும் என்று காத்திருந்தால் தாளம் கொடுப்பது யார்? அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

வாய் திறந்தபடியே நின்றது.

எல்லாம் நின்றது. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பியபடி நின்றது. அட்சதை அந்தரத்தில் நின்றது. தாலி அவள் கழுத்துக்கு அரை முழம் முன்னால் நின்றது. உடம்புதான் நின்றது, மனசு ஓடியது. கடைசிவரை இப்படியே இருந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

செய்வதற்கு வேறு வேலை இல்லை. பூவரசனைப் பற்றி யோசித்தாள். இந்த மனுஷன் கறிவேப்பிலையைத் தின்பானா, ஒதுக்குவானா?

பூவரசனுக்கு விக்கல் எடுத்தது.

யாராவது நினைத்தால் விக்கல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த ஒரு விக்கலைத் தாளமென்று எடுத்துக்கொண்டு இரண்டு மிஷினும் ஒரு தட்டுத் தட்டின. மண்டபம் முழுக்க ஒரு தட்டு அளவுக்கு அசைந்து மறுபடி நின்றது. தாலி கொஞ்சம் கிட்டே வந்தது.

அடடே, இதுவா சங்கதி! செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைப்பானா, உதறிவிட்டு வருவானா? விக். குறட்டை விடுவானா? விக். அழத் தெரியுமா? விக். முதல் முடிச்சு விழுந்தது.

ஆனால் பூவரசனின் அம்மா செம்போடு கிளம்பிவிட்டாள். ஒரு விக்கலுக்கு ஓர் எட்டு, ஒரு வார்த்தை.

"தண்ணி..."

விக்.

"குடிச்சுரு..."

விக்.

"சாமி."

கோகிலவாணிக்கு நெருப்பின்மேல் நிற்கிற மாதிரி இருந்தது. அவள் நினைத்தால் முடிச்சும் நெருங்கும், செம்பும் நெருங்கும். நினைக்காவிட்டால் இரண்டும் நிற்கும். நினைத்தாள். இரண்டாவது முடிச்சு விழுந்தது. செம்பு அவன் வாய்க்கு வந்தது. மடக்கென்று குடித்தான்.

விக்கல் நின்றது. எல்லாம் நின்றது.

அவள் நினைத்தாள், நினைத்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. இவ்வளவு நினைத்தும் இரண்டு முடிச்சோடு நிற்பதா என்று அழுகை வந்தது. அதுவும் கண்ணோரத்தில் நின்றுகொண்டது. அப்போதுதான் ஒரு கேள்வி அவளைச் சுள்ளென்று குத்தியது. எல்லாம் நின்றதிலிருந்து நான் இவனையே நினைக்கிறேன். இவன் என்னை ஒரு தடவையாவது நினைத்தானா? எனக்கு ஒரு விக்கல்கூட வரவில்லையே.

நேரம் ஓடாத மண்டபத்தில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யார் சொல்வது?

விக்.

பூவரசன் இல்லை. அவளேதான்.

விக். விக். நெஞ்சு குலுங்கியது. அவன் எதை நினைக்கிறான் என்று தெரியவில்லை, விடாமல் நினைத்தான். மூன்றாவது முடிச்சு விழுந்தது. அட்சதை தலையில் கொட்டியது.

"உங்க தாளந்தானுங்க," என்று சம்பந்திகள் ஒருவரை ஒருவர் கும்பிட்டுக்கொண்டார்கள்.

"ஐயோ, புள்ளைக்கு விக்குதே!" என்று கோகிலவாணியின் அம்மா செம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

கோகிலவாணி வாயை இறுக மூடிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.