நாற்காலியில் நான்காவது தடவை

1

இந்தக் கதை என் மனைவியின் கைபேசிக்கு வந்த ஓர் அழைப்பிலிருந்து பிறந்தது. சிகிச்சை நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினார்.

"மேடம் ரெண்டு வாரமா வரல சார். ஆறுல மூணுதான் முடிஞ்சிருக்கு."

"இனிமே வர மாட்டாங்க."

"ஓ, சரியாயிடுச்சா?"

ஆமாம் என்றேன். சந்தோஷம் சார் என்று வைத்துவிட்டார். என் மனைவி இறந்து அன்றோடு பதினெட்டு நாள்.

(விபத்து. அது இந்தக் கதையில் வராது.)

2

முதல் தொடக்கம்: அவள் தும்மலுக்குப் பயந்தாள். வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயந்தாளா என்று எனக்கு—

இரண்டாவது தொடக்கம், அவள் அலமாரியில் துணிக்கு அடியில் கிடைத்த துண்டறிக்கையிலிருந்து: பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்துவிடும். இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால், சிரித்தால் சிறுநீர் கசியும். கத்தி படாத வழி ஒன்று உண்டு. காந்த நாற்காலியில் உடுத்திய துணியோடு அரைமணி நேரம் உட்கார வேண்டும். தசை தானாகச் சுருங்கிச் சுருங்கிப் பலம் பெறும். (எல்லோருக்கும் பலிக்காது என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.)

'சிரித்தால்' என்பதன் கீழே அவள் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.*

* எங்கள் மகளுக்கு இரண்டு வயது. இந்த இரண்டு வருடமாக நான் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் என் மனைவி கால்களைப் பின்னிக்கொண்டு உதட்டைக் கடிப்பாள். இல்லையென்றால் எழுந்து உள்ளே போய்விடுவாள். என்னைக் கண்டாலே ஆகவில்லை என்று எடுத்துக்கொண்டேன். வேடிக்கை பேசுவதை விட்டேன். பிறகு பேசுவதையும்.

3

அவளை நாற்காலியில் உட்கார வைக்கிறேன். நான்காவது தடவை, அவள் போகாமல் போனது. சிகிச்சையாளர் நடுத்தர வயதுப் பெண். கருவியின் திருகில் கை வைத்திருக்கிறார்.

"இன்னிக்குக் கொஞ்சம் கூட்டி வைக்கறேன்மா. கீழேர்ந்து யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கும்."

"தட்டட்டும். திறந்துடக் கூடாதுன்னுதானே வந்திருக்கேன்."

சிகிச்சையாளர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு ஒரு கணம் அசையாமல் இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

[ஒன்றும் ஆகவில்லை என்பது என் ஆசை. நான்காவது தடவையிலேயே பலன் தெரியுமா, எனக்குத் தெரியாது. அந்த வேடிக்கைப் பேச்சும் நான் எழுதிக் கொடுத்தது. அவளுக்கு இதைவிட நன்றாக வரும்.]

"வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"ஏம்மா, சொன்னா தலையையா சீவிடுவார்?"

4

கதை இங்கே நிற்கிறது. அவள் பதில் சொல்ல வேண்டும். மூன்று நாளாக எழுதி எழுதி அடிக்கிறேன்.

ஒரு பதில்: "சொன்னா என்னைச் சிரிக்க வைக்கறத விட்டுடுவார். அது எனக்கு வேணும்."

நான் சிரிக்க வைப்பதை விட்டு நாளாகிவிட்டது. இருந்தாலும் படிக்க இதமாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. செத்தவள் வாயில் எனக்கு வேண்டியதைத் திணிக்கிறேன்.

இன்னொரு பதில்: "ஏன் இப்படி இருக்கேன்னு அவர் ஒரு தடவைகூடக் கேக்கல."

இதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் அடிக்க முடியவில்லை.

இதையும் விட்டு, மூன்றாவதாக அவள் சொல்லக்கூடியது—

5

கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது. கேட்டவர் காத்திருக்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள்.

எந்தப் பதில் சரியென்று படுகிறதோ அதை வையுங்கள். இரண்டாவதை வைக்கிறவர்கள் எனக்காகத் தயங்க வேண்டாம். இரண்டும் சரியில்லை என்றால் உங்களுக்குத் தெரிந்ததை அவள் சொல்லட்டும். குறுக்கே பேச மாட்டேன்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தவன் மாதிரி. உள்ளே பேசுவது இங்கே கேட்காது.