மூன்றைக் கழித்துக்கொண்டு பார்க்கவும்

எங்கள் வீட்டில் எந்த முள்ளும் உள்ளதை உள்ளபடி காட்டாது.

சுவர்க் கடிகாரம் கால் மணி நேரம் முன்னால் ஓடும். அப்பா வேலைக்குப் பிந்திவிடக் கூடாது என்று அம்மா வைத்தது. அப்பா ஓய்வு பெற்ற பிறகும் அது அப்படியே ஓடுகிறது. திருத்தினால் எல்லோருக்கும் குழப்பம் வந்துவிடும். குளியலறை வாசலில் இருக்கும் எடை மெஷின் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும். அதுவும் அப்பாவுக்காகத்தான். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினில் முள் கிடையாது, எண்தான் வரும் என்பதால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மா வாசிக்கும்போது பத்து கூட்டி வாசிப்பாள். அப்பா கேட்கும்போது பத்தைக் கழித்துக்கொண்டு கேட்பார். இதில் யாருக்கும் யார் மேலும் வருத்தம் இல்லை.

அண்ணிக்குத்தான் இது பிடிபட நாளானது. அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். ஒரு பல் தலைமுடி அளவு உயர்ந்துவிட்டாலும் போட்டுக்கொண்டவர் கடிக்க முடியாமல் திரும்பி வந்துவிடுவார். அப்படிப்பட்ட வேலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள், கல்யாணமான புதிதில் கடிகாரத்தை நம்பிப் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றிருக்கிறாள். ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அம்மா, "தெரியும்னு நெனச்சோம்" என்றாள்.

அந்த லேபிலிருந்து பல் செட்டுகளை மலை மேல் இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அண்ணன் வேலை. அதற்காக வாங்கியதுதான் அந்தப் பழைய டர்போ கார். டர்போ என்பது புகை வெளியேறும் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற ஒரு சின்ன விசிறி. ஏற்றத்தில் அது நன்றாக இழுக்கும். அளவுக்கு மேல் திணித்தால் எஞ்சின் உடைந்துவிடும். எங்களுக்கு விற்றவர் காலத்தில் அது ஒருமுறை உடைந்திருக்கிறது. விற்கும்போது அவர் எஞ்சினைப் புதுசு என்று சொன்னதற்குக் காரணம் அதுதான்.

அண்ணன் வண்டியைச் சோதிக்கக் கொடுத்த அன்று மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"கூடுதல் காத்த வெளிய விடற வால்வு இறுகிப் போச்சு. புது டர்போ போடுறியா?"

"முடியாதுண்ணே," என்றான் அண்ணன்.

"அப்போ இனிமே உன் கால்தான் வால்வு. டர்போ எவ்வளவு காத்து திணிக்குதுன்னு காட்ட ஒரு பூஸ்ட் மீட்டர் மாட்டு. முள்ளு ஒன்பதத் தாண்டக் கூடாது. தாண்டி ஓட்டுனேன்னா என்கிட்ட எடுத்துட்டு வராத. நேரா காயலாங்கடைக்குக் கொண்டு போயிடு."

மீட்டரில் 0.9 என்றுதான் போட்டிருக்கும். பேச்சில் எல்லோரும் ஒன்பது என்பார்கள்.

வண்டி நின்றால் மலைக்குப் போக ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் லேபில் வேறு வண்டி வைத்துக்கொள்வார்கள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் மீட்டர் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் கலந்துகொண்டார்கள்.

"நம்பர் பெருசா இருக்கணும்," என்றார் அப்பா. அவர் அந்த வண்டியை ஓட்டுவதில்லை.

"தாண்டுனா சத்தம் போடணும்," என்றாள் அம்மா.

"ராத்திரில லைட் எரியணும்," என்றான் அண்ணன்.

"சரியா காட்டணும்," என்றாள் அண்ணி.

கார் சாமான் விற்கும் கடைக்காரர் மூன்று மீட்டர்களைக் கொடுத்தனுப்பினார். "வேணாங்கிறதத் திருப்பிக் குடுத்துடுங்க. ஆனா பெட்டி கிழியக் கூடாது. பெட்டி கிழிஞ்சா அது உங்க வீட்டுப் பிள்ளை," என்றார்.

மூன்றையும் மெக்கானிக் கொட்டகையில் வைத்துச் சோதித்தார்கள். சோதனையும் பெரிய வித்தை இல்லை. கையால் அடிக்கும் ஒரு பம்ப், அதிலிருந்து ஒரு டியூப், டியூப் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பக்கம் மெக்கானிக்கின் சொந்த மீட்டர், மறுபக்கம் நம்முடையது. அவருடையதை அவர் துணியில் சுற்றி வைத்திருப்பார். தன் அண்ணன் தம்பிகளைக்கூடத் தொட விட்டதில்லை என்றார்.

முதல் மீட்டரில் ஏழு நிறத்தில் விளக்கு எரிந்தது. அண்ணனுக்கு அதைக் கண்டதும் பிடித்துவிட்டது. அவருடையது பத்து காட்டியபோது அது எட்டு காட்டியது. காற்றை விட்டுவிட்டு மறுபடி அடித்தால் பதினொன்று. மூன்றாம் தடவை அதற்குத் தோன்றியதைக் காட்டியது.

"அழகா இருக்குல்ல?" என்றான் அண்ணன்.

"கல்யாணத்துக்கு மாட்டலாம்," என்றார் மெக்கானிக்.

இரண்டாவது சென்சார் வைத்தது. அச்சுப் பிசகாமல் காட்டியது. அண்ணன் அதன் விலைச் சீட்டைப் பார்த்தான். பெட்டி கிழியாமல் திரும்ப உள்ளே வைத்து மூடினான்.

மூன்றாவது கறுப்பு முகம், வெள்ளை முள், வேறு ஒன்றும் கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய டியூப் நேராக அதன் முதுகில் வந்து சேரும். அண்ணி பம்ப்பை வாங்கித் தானே அடித்தாள். ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி இரண்டு முகத்தையும் பார்த்தாள். காற்றை விட்டாள். முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள். அசையவில்லை. மறுபடி முதலிலிருந்து அடித்தாள்.

"போதும்மா, எனக்குத்தான் கை வலிக்குது," என்றார் மெக்கானிக்.

"இதுதான்," என்றாள் அண்ணி.

"நல்ல ஜாமான். இருபது வரைக்கும்தான் கோடு இருக்கு, அதனால கோடு அகலமா இருக்கு, கண்ணுக்குத் தெரியும். ரப்பர் டியூப் மட்டும் வேணாம். மடங்குச்சுன்னா கம்மியா காட்டும். கெட்டி டியூப் நான் போட்டுத் தரேன்."

அன்று சாயங்காலம் அம்மா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

"தம்பி, அந்த முள்ள ஒரு ரெண்டு கூட்டி வச்சிடுங்க. அவனுக்குக் கால் கொஞ்சம் கனம். அவன்கிட்ட சொல்ல வேணாம்."

"சரிம்மா," என்றார் மெக்கானிக்.

வீடு திரும்பியதும் அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா முற்றத்து மூலையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணு கூட்டுனா போதும். என் சம்சாரத்துக்குத் தெரிய வேணாம்," என்பது கேட்டது. அந்தப் பக்கம் "சரிங்கய்யா" என்றிருப்பார். அந்த மெக்கானிக் யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவர். சொன்னதையெல்லாம் செய்தும் பழகாதவர். மீட்டரை வாங்கியபடியே மாட்டிக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் வண்டியைச் சும்மா உறும விட்டபோது முள் பூஜ்யத்துக்கும் கீழே போனது. "மைனஸ்ல போகுதே, கடன்லயா ஓடுது?" என்று அப்பா பதறினார். வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது அது காற்றை உறிஞ்சும், அதனால் அப்படித்தான் காட்டும் என்று அண்ணி விளக்கினாள். அப்பா தலையாட்டிவிட்டு, "எதுக்கும் ஜாக்கிரதையா இரு," என்று அண்ணனிடம் சொன்னார்.

அந்த வாரம் ஒருநாள் அண்ணியும் மலைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு பெரியவருக்குப் பல் பொருந்தவில்லை, நேரில் பார்த்து ராவ வேண்டும். பல் பெட்டிகளை மடியில் வைத்துக்கொள்ள நானும் போனேன். பின் சீட்டில் வைத்தால் வளைவுகளில் உருண்டுவிடும்.

இரண்டாவது வளைவு தாண்டி ஏற்றம் செங்குத்தானபோது அண்ணன் மிதித்தான். கார் முன்னே பாய்ந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து, தகர டப்பாவில் கோலிக் குண்டு போட்டுக் குலுக்கினதுபோல ஒரு சத்தம் வந்தது.

"என்னங்க, முள்ளு பதினொண்ணுல நிக்குது."

"அது ஒன்பது."

"எப்படி?"

"ரெண்டக் கழிச்சுக்கோ. அம்மா போய்க் கூட்டி வைக்கச் சொல்லிருக்காங்க. அவங்க மூஞ்சியப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா?"

"சொல்லியிருக்கலாம். அவர் வச்சாரா?"

"அம்மா சொல்லி யாரு செய்யாம இருந்திருக்கா?"

அண்ணி வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். எஞ்சினை அணைக்கச் சொன்னாள். முள் பூஜ்யத்தில் வந்து நின்றது.

"பாருங்க. ரெண்டு கூட்டியிருந்தா இப்போ ரெண்டுலதான் நிக்கணும்."

அண்ணன் மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் முகத்தில் மரியாதை தெரிந்தது. "அதான் அம்மாவோட திறமை," என்றான்.

அண்ணி மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "ஐயோ, நான் தொடவே இல்லம்மா," என்றார் அவர். "அம்மா கேட்டாங்க, ஐயாவும் கேட்டாரு. சரின்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"குரல்லயே தெரியுது, சொல்லிக் குடுத்துப் பேச வச்சிருக்காங்க," என்றான் அண்ணன். ஆனாலும் அண்ணி பக்கத்தில் இருந்ததால் மீதி ஏற்றத்தை மெதுவாகவே ஓட்டினான். அந்தச் சத்தம் பிறகு வரவில்லை.

மறுநாள் லேபுக்கு விடுமுறை. சாப்பாட்டு நேரத்தில் அண்ணி எல்லோர் முன்னாலும் பேச்சை எடுத்தாள்.

"அத்தை, மெக்கானிக் அந்த முள்ளத் தொடவே இல்லையாம். நேத்து எஞ்சின அணைச்சா பூஜ்யத்துலதான் நின்னுச்சு. உங்க பிள்ளைகிட்ட நீங்களே சொல்லுங்க."

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. "தொடலையா? சரின்னாரே. அவர் செஞ்சிருப்பாரும்மா. பாவம், நல்ல மனுஷன், அவர்மேல பழி போடாத."

"பார்த்தியா," என்றான் அண்ணன். "ரெண்டு."

அப்பா நிமிர்ந்தார். "ரெண்டா? நீ ரெண்டு சொன்னியா? நான் ஒண்ணு சொன்னேனே."

"நீங்க எதுக்கு சொன்னீங்க?"

"நீ சொல்லுவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ மொத்தம் மூணு," என்றான் அண்ணன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நான் ரெண்டுதான் கழிச்சுட்டிருந்தேன். அதான் ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. எட்டுல ஓட்டிட்டிருந்திருக்கேன்!"

"எட்டு இல்ல. அது நெஜமாவே பதினொண்ணு. சத்தம் கேட்டுச்சே உங்களுக்கு?"

"கம்மியா மிதிச்சா அப்படித்தான் சத்தம் வரும். நாளைக்குப் பாரு. பன்னெண்டு வரைக்கும் விட்டுப் பார்க்கிறேன்."

"மாமா, நீங்களாவது சொல்லுங்க," என்றாள் அண்ணி.

அப்பா யோசித்தார். "பதினொண்ணரையோட நிறுத்திக்கோப்பா," என்றார்.

அண்ணி ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

மதியம் அண்ணன் தூங்கினான். அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு அறையில் படுத்தார்கள். அண்ணி லேபிலிருந்து கொண்டுவரும் துணிப்பையை எடுத்துக்கொண்டு, கண்ணால் என்னைக் கூப்பிட்டாள். கார் வாசலில் நிழலில் நின்றது. அவள் மீட்டரைக் கழற்றி மடியில் துணி விரித்து அதன்மேல் வைத்தாள். மெழுகு செதுக்கும் மெல்லிய கத்தியால் விளிம்பு வளையத்தைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். வளையம் நசுங்காமல் வந்தது. கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டு வர்றீங்களா அண்ணி?"

"அது பூஜ்யத்துலதான் இருக்கு."

"அப்போ?"

"உங்கண்ணன் கழிக்காம இருக்க மாட்டார். பொறந்ததுலருந்து கழிச்சே பழகிட்டார். கழிக்கிறதுக்கு அதுல ஏதாவது இருக்கணும்ல?" அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டாள். "எனக்கு அந்த வண்டி வேணும்."

இடுக்கியால் முள்ளைப் பிடித்து நேராக மேலே இழுத்தாள். அது சின்னதாக ஒரு சத்தத்தோடு கழன்றது. மூன்றாவது கோட்டுக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கட்டை விரலால் அழுத்தினாள். பார்த்தாள். திருப்தியில்லாமல் மறுபடி கழற்றி மறுபடி அழுத்தினாள். பொய்யாகத்தான் வைக்கிறாள், அதிலும் முடி அளவு பிசகக் கூடாது என்று பார்த்தாள். பிறகு கண்ணாடி, வளையம், டியூப். அண்ணன் விழிப்பதற்குள் நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

காலையில் அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கத்தினான்.

"அம்மா! இங்க வாங்க! எல்லாரும் வாங்க!"

எல்லோரும் போனோம். நான்கு ஜன்னலிலும் நான்கு தலைகள். வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகவில்லை. முள் மூன்றில் நின்றது.

"இப்போ என்ன சொல்றீங்க?"

"முந்தாநாள் பூஜ்யத்துல நின்னுச்சுன்னியேம்மா?" என்று அண்ணியிடம் கேட்டார் அப்பா.

"அப்போ ஒளிச்சு வச்சிருந்திருக்காரு. ஓட ஓட வெளிய வந்துருச்சு," என்றான் அண்ணன்.

அம்மா ஜன்னல் வழியே தலையை இன்னும் உள்ளே விட்டுப் பார்த்தாள். "நான்தான் சொன்னேனே, நல்ல மனுஷன்னு. சொன்ன வேலைய ஒழுங்கா செஞ்சிருக்காரு பாரு."

"அதுல ஒண்ணு என்னுது," என்றார் அப்பா.

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். வெகு நாளாக அவனுக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்ததில்லை. "இப்பவாவது நம்புறியா?"

"நம்புறேங்க," என்றாள் அண்ணி.

முந்தாநாள் ராவியது அந்தப் பெரியவருக்குப் போதவில்லை என்பதால் அன்றும் மூவரும் போனோம். இரண்டாவது வளைவு தாண்டியதும் அண்ணன் மிதித்தான். முள் ஏறியது. எட்டு, பத்து, பதினொன்று. நான் பல் பெட்டிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டில் அண்ணன் காலை லேசாக எடுத்தான், முள் அங்கேயே நின்றது. கோலிக் குண்டுச் சத்தம் வரவில்லை. கார் சீராக ஏறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு தெரியுமா இது?" என்றான் அண்ணன்.

"எவ்வளவு?"

"ஒன்பது."

"ஆமா, ஒன்பதுதான்," என்றாள் அண்ணி. "இதுக்கு மேல போகாதீங்க."

அவன் போகவில்லை.