தேயிலைச் சாற்றில் பழுத்த மடல்

மேற்குமலைத் தொடரின் நீல முகடுகளில் வெண்முகில் படிந்து கிடக்க, பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்த ஈரக்காற்று நொய்யற் படுகையைத் தடவி வந்து உக்கடத்துப் பெருங்குளத்தின் நீர்ப்பரப்பைச் சிற்றலைகளாய்ச் சுருக்க, மேலே பாலமும் கீழே பேருந்து நிலையமும் ஒன்றையொன்று விஞ்சி இரைய, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஆள் கூவும் நடத்துநர்தம் குரல்கள் கரையில் மோதித் திரும்பும் முற்பகற் பொழுது அது. படிக்கும் அன்பரே, அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே, குளத்தை நோக்கிய பள்ளியொன்றின் மாடியறையில், ஒரு பெண்மணியின் நெஞ்சு மட்டும் துடிக்க மறந்து நின்றதை நகரத்தில் எவரும் அறிந்தாரில்லை.

அவள் பெயர் சாயிரா பானு. இருபத்தாறு ஆண்டுகளாய் வரலாறு கற்பித்தவள். கைப்பேசியில் பறந்து வரும் பொய்க்கதைகளை மாணவர் வாய்மொழியாய் ஒப்பிக்குந்தோறும் சான்று எங்கே என்று கேட்டுக் கேட்டு, அக்கேள்வியாலேயே நாடறிந்தவள். கொங்குநாட்டுப் பள்ளிகள் நாற்பது கூடி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாட்டு விடுதலையின் வரலாற்றைத் தம் மண்ணின் மாந்தர் வாயிலாகவே கற்க வேண்டுமெனத் துணைநூலொன்றைத் தொகுத்திருந்தன. பிற்பகல் மூன்று மணிக்கு அச்சகம் செல்லவிருந்த அந்நூலின் தாள்களில் பிழை களைந்து ஒப்பமிடவே அவளை அழைத்திருந்தனர். நாற்பது பக்கங்களைத் தெளிந்த நீரோடையில் நடப்பவள்போல் கடந்து வந்தவள், நாற்பத்தொன்றாம் பக்கத்தில், பாம்பை மிதித்தவள்போல் நின்றாள்.

பழுத்துச் சுருங்கிய தாளொன்றின் படம் அப்பக்கத்தை நிறைத்திருந்தது. மேலே, ‘பீளமேட்டு ஆலைத் தொழிலாளி அம்புஜம் 1942ஆம் ஆண்டில் தம் தமக்கைக்கு எழுதிய மடல்’ என்று பொறித்திருந்தது. கீழே, மையூறிய வரிகள்:

“அக்கா, தூக்குப்போசியின் அடியில் துண்டறிக்கைகளை வைத்து, மேலே கம்பஞ்சோற்றைப் பரப்பி ஆலைக்குள் கொண்டுபோகிறேன். இன்று காவலாளி மூடியைத் திறந்தான். சோற்றைக் கண்டு முகஞ்சுளித்து விட்டுவிட்டான். குழந்தைக்குச் சுரம் இறங்கவில்லை. நான் வராவிட்டால் நெற்றியில் ஈரத்துணி போடு. கதவைத் தாழிடாதே.”

அம்மடலை எழுதிய கை, அதனை இப்போது பற்றியிருந்த அதே கைதான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அக்காலத்தில் நீ வாழ்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பாய் என்னும் பயிற்சிக்கு முன்மாதிரியாக, தன் மகள் நிதா காய்ச்சலில் கிடந்த ஒரு மாலையில், அடுப்படியில் நின்றவாறே அவள் அதனை எழுதினாள். பழமை தோன்றும்பொருட்டுத் தேயிலைச் சாற்றில் நனைத்து உலர்த்தினாள். மறுநாள் வகுப்பில் படித்துக் காட்டியபோது, என்றும் சலசலக்கும் அறுபது வாய்களும் அடங்கின. பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, “மிஸ், இது நெசமாவே அவங்க எழுதுனதுங்களா?” என்று கேட்டாள். அந்த அமைதியைக் கலைக்க மனமின்றி ஆசிரியை சற்றே புன்னகைத்தாள், மணி அடித்தது, நாளை சொல்வோம் என்றெண்ணினாள். நாளையோ மகளின் காய்ச்சல் ஏற, விடுப்பில் கழிந்தது. பின்னர் அம்மடலைப் பள்ளிக் கண்காட்சியில் எவரோ கண்ணாடிக்குள் வைத்தார், எவரோ படமெடுத்தார், அப்படம் அவளறியாமல் ஆயிரம் கைப்பேசிகளில் ஊர்ந்து, வரலாறாய் முதிர்ந்து, எழுதியவளிடமே பிழைதிருத்த வந்து சேர்ந்தது.

“நாப்பத்தொண்ணு பாத்துட்டீங்களா மிஸ்? இந்த புக்லயே எனக்கு ரொம்பப் புடிச்ச பக்கமுங்க அது!” என்று எதிரே குதித்து வந்து நின்றாள் தேஜஸ்ரீ. நூலைத் தொகுத்த இளம்பெண் அவள். தன் முதல் நூலை முதற்குழந்தைபோல் எட்டுத் திங்கள் சுமந்தவள். “சும்மா போடலீங்க மிஸ். ஒரு ப்ரொஃபசர் படத்தப் பாத்துட்டு, தாளு எம்பது வருசப் பழசுன்னு எழுதியே குடுத்துட்டாருங்க. உங்க கேள்விக்குப் பயந்தே வாங்கி வெச்சேன்!”

சாயிரா மீண்டும் அப்பக்கத்தையே நோக்கினாள். சொன்னால் இப்பெண்ணின் உழைப்பும் தன் இருபத்தாறு ஆண்டுப் பெயரும் ஒருசேர உடையும். சொல்லாவிடினோ, நாற்பது பள்ளிப் பிள்ளைகள் தன் அடுப்படிப் புனைவை நாட்டின் வரலாறென்று மனப்பாடம் செய்வர். திருத்துகோலைத் திறப்பதும் மூடுவதுமாய் அவள் தத்தளித்துக்கொண்டிருந்தபோதே, வெள்ளைத் துணியில் பொதிந்த சட்டகமொன்றை மார்போடு அணைத்தவாறு, எழுபத்தைந்து அகவை கடந்த முதியவர் ஒருவர் படியேறி வந்தார். உழவிலிருந்து ஆலைக்கு உயர்ந்த குடியினர். நரசிம்மலு என்பது அவர் பெயர். அம்மடலோடு சேர்க்கப் படமொன்று கேட்டுத் தேஜஸ்ரீயே அவரை வரச்சொல்லியிருந்தாள்.

“ஏனுங்க டீச்சர், லேட்டாயிருச்சு, தப்பா நெனச்சுக்காதீங்க. லிப்டு கெடயாதுன்னு இந்தப் புள்ள சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா போன வாரமே ஏற ஆரம்பிச்சிருப்பேன்” என்று நகைத்துத் துணியை விலக்கினார். இரட்டைச் சடையும் கூர்ந்த விழியுமாய் இளம்பெண்ணொருத்தி உள்ளிருந்து நோக்கினாள். “அம்புஜம் அத்தை. எங்க நைனாவோட கூடப் பொறந்தவங்க. புக்குல போட இது ஒண்ணுதானுங்க இருக்குது.”

“உங்க அத்தைதான்னு எப்படித் தெரியுமுங்க ஐயா?” என்று வினவினாள் சாயிரா.

“அதே பேரு, அதே பீளமேடு. வேற என்னங்க வேணும்? முப்பத்தெட்டுல, மில்லுல வேல செஞ்ச ஒருத்தரோட ஊட்ட விட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் எங்கூட்ல அவங்க பேரையே யாரும் எடுக்க மாட்டாங்க. கெட்டுப்போனவன்னே சொல்லி வளத்துனாங்க எங்கள. இந்தக் கடுதாசியப் போன்ல பாத்தப்பறந்தானுங்க பெட்டிக்குள்ள கெடந்த படத்த எடுத்து, கூடத்துல நைனா படத்துக்குப் பக்கத்துலயே மாட்டுனேன்.” அவர் குரல் தாழ்ந்தது. “அந்தக் குழந்தையத்தானுங்க மூணு வருசமாத் தேடறேன். உசுரோட இருந்தா எனக்கு மச்சானோ மதினியோ. பேப்பர்ல வெளம்பரம் குடுத்துட்டேன், காரமடை வரைக்கும் அலஞ்சுட்டேன். புக்கு வந்தா யாராச்சும் சொல்லுவாங்க பாருங்க.”

இடியொலி கேட்டு ஒடுங்கும் மான்போல் சாயிரா ஒடுங்கினாள். ஒரு புன்னகையளவே ஆன தன் பொய், ஒரு முதியவரை மூன்றாண்டுகள் வெயிலில் நடத்தியிருக்கிறது என்னும் செய்தி, அவள் அதுகாறும் எடையிட்டுக்கொண்டிருந்த பெயரையும் புகழையும் துரும்பாக்கிற்று. இன்னும் ஒருநாள் அவர் அலையலாகாது. எழுந்து நின்றாள்.

“ஐயா, என்ன மன்னிச்சுப்போடுங்க. அந்தக் கடுதாசிய எழுதுனது நானுங்க.”

“படியெடுத்தது நீங்களா மிஸ்?” என்றாள் தேஜஸ்ரீ, ஒன்றும் விளங்காதவளாய்.

“இல்ல கண்ணு. நானே கற்பனையா எழுதுனேன், பாடத்துக்காக. அந்தப் பழுப்பு எங்கூட்டு டீத்தூளு. கொதிக்க வெச்சு, தாள முக்கி எடுத்து, இஸ்திரி போட்டேன். அம்புஜங்கிற பேரு அன்னிக்கி வாயில வந்த பேரு.”

தேஜஸ்ரீ வாய்திறந்தபடியே நாற்காலியில் சரிந்தாள். முதியவரோ, கன்னத்தில் அறை வாங்கியவர்போல் முதலில் திகைத்துப் பின்னர்ச் சினந்து, “வெளையாடறீங்களா டீச்சர்? பேரு பொய், ஊரு பொய்யின்னே வெச்சுக்குவோம். குழந்தைக்குச் சுரம்னு எழுதியிருக்குதுல்ல? நெசமான குழந்தைக்குத்தானுங்க சுரம் வரும்!” என்று இரைந்தார்.

“வந்துச்சுங்க ஐயா. எம்பொண்ணு நிதாவுக்கு. நூத்திமூணு டிகிரி. இப்ப பெருந்துறையில வேலைக்குப் போறா.”

மூன்றாண்டுகளாய் நரசிம்மலு தம் மனத்துள் முகம் வரைந்து, பெயர் சூட்டி, அகவை கணித்து வளர்த்த உறவு, ஒரே நொடியில் கண்முன்னே கரைந்ததைக் கண்டார். எவரையும் நோக்காது, “அப்ப எங்க அத்த என்னதானுங்க ஆனாங்க?” என்றார். வரலாறு கற்பித்தவளோ சிவப்புக் கோலெடுத்துத் தன் மடலின் குறுக்கே கோடிழுத்தாள். பிழைபார்த்தோர் பட்டியலில் தன் பெயரையும் அடித்தாள்.

“நாப்பத்தொண்ணு வெறும் பக்கமா நிக்குதுங்களே மிஸ்...” என்று விசும்பினாள் தேஜஸ்ரீ.

படத்தைத் துணியில் மீளப் பொதிந்து வாயில்வரை சென்ற முதியவர், நிலைப்படியில் கைவைத்து நின்றார். பின்னர்த் திரும்பி வந்து, பொதிந்ததை அவிழ்த்து, படத்தை அடித்த மடலின்மேல் வைத்தார். “போடு கண்ணு. பேரு அம்புஜம். ஊரு பீளமேடு. முப்பத்தெட்டுல ஊட்ட விட்டுப் போனாங்க.” சட்டகத்தை நேராக்கி வைத்தார். “ஊட்டுக்காரங்க யாரும் தேடலீன்னு போடு.”

“ஐயா, இது நாட்டு வரலாத்துப் புக்குங்களே...” என்றாள் தேஜஸ்ரீ.

“எங்கூட்டு ஆளுகளும் இந்த நாட்டுலதான இருந்தாங்க அம்மணி? இல்லாத குழந்தைக்கு மூணு வருசம் நடந்திருக்கறேன். இருந்த மனுசிக்கு எங்க நைனா ஒரு தெருவு நடக்கல. நானும் எழுவது வருசம் கேக்கல. எங்களுக்குத் தெரிஞ்ச நெசம் அது ஒண்ணுதான்.”

மூன்று மணிக்குத் தாள்கள் அச்சகம் சென்றன. வீரமும் வெற்றியும் வாகைப்பூவாய்ச் செறிந்த பக்கங்களுக்கு நடுவே, ஒரு பெண்ணின் முகமும் நான்கு குறுவரிகளுமே கொண்ட அப்பக்கத்தைப் பின்னாளில் புரட்டிய பிள்ளைகள், அங்கே படித்து முடிக்க ஏதுமில்லாமையால் சற்றே கூடுதலாய்த் தயங்கினர். புனைந்து நிரப்பிய மடல் உரக்கப் பேசிற்று. உண்மைக்கோ பேசுதற்குச் சொற்கள் இல்லை. ஆயினும், அன்பரே, ஒருவரை நாம் அறியோம், அறிய முயலவுமில்லை என்று ஒப்பி எழுதிய நான்கு வரிகளே, எண்பத்தேழு ஆண்டுகளில் அம்புஜம் என்பாளை நோக்கி அவள் குடும்பம் எடுத்துவைத்த முதலடியாயிற்று.