இருப்பு, இருத்தல்

தஞ்சாவூரில் தத்துவம் கற்பிக்கும் மதிவதனி, ஜெர்மன் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அதன் மையச் சொல்லுக்கு ‘இருப்பு’ என்று எழுதுவதா, ‘இருத்தல்’ என்று எழுதுவதா என ஒரு மாதமாகத் தவித்தாள்.

அப்போதுதான் புயல் வேதாரண்யத்தில் கரையைக் கடந்தது. அங்கே அம்மாவோடு வசிக்கும் தம்பி வளவனுக்கு இரண்டு நாளாகப் போன் போகவில்லை. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே அவன் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் வேறு யாருடைய போனிலிருந்தோ அவன் பேசினான்.

“அக்கா, இருக்கோம்.”

“அம்மா?”

“இருக்காங்க. வீடுதான் இல்ல.”

மதிவதனி அழுதுவிட்டாள். தான் தேடிய இரண்டும் பெயர்ச்சொற்கள், தம்பி சொன்னதோ வினைச்சொல் என்று ஒரு நொடி தோன்றியது. அதை எழுதிவைக்க அவள் நிற்கவில்லை. பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

“வேதாரண்யம் போகாது, திருத்துறைப்பூண்டி வரைக்கும்தாங்க போகும்” என்றார் கண்டக்டர்.

ஏறிக்கொண்டாள்.