பேரன் பேத்தி காணாத ஈக்கள்

லூ பெய்ச்சென் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்தாள். அடியில் மக்காச்சோள மாவுக் கூழ். கூழின் மேல் பொடிப் பொடியாக வெள்ளை முட்டைகள். புழு ஒன்றுகூட இல்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை. பஞ்சு அடைப்புக்குக் கீழே பழ ஈக்கள் மட்டும், முன்பணம் கட்டிக் குடிவந்தவர்கள் மாதிரி, அலட்டிக்கொள்ளாமல் உலாவிக்கொண்டிருந்தன.

மரபியல் செய்முறைப் பாடத்தை அவள் எடுப்பது இது மூன்றாவது முறை. முதல் முறை, மயக்க மருந்து போதாமல் எழுந்துகொண்ட ஈக்கள் அவள் கண்ணெதிரே கும்பலாகப் பறந்து போயின. இரண்டாவது முறை அவளே தூங்கிப்போனாள். அப்பாவுக்குத் தைவானின் தைனான் நகரச் சந்தையில் காளானும் காய்ந்த கணவாயும் விற்கும் கடை. விடியற்காலையில் கடை திறந்து வைத்துவிட்டு வகுப்புக்கு வருகிறவளுக்கு நுண்ணோக்கி என்பது நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொள்ள வாகான சாமான். நாலு வருஷப் படிப்பு ஐந்தாவது வருஷத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் தேறியாயிற்று. பக்கத்து நகரமான ஜியாயியில் ஒரு மீன்தீவனக் கம்பெனிக்காரர், ஜூலையில் பட்டத்தைக் காட்டினால் வேலை, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார். பட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது இந்த ஈக்கள்தான்.

கேட்டால் எளிய காரியம்தான். சிவப்புக் கண் ஆண், பழுப்புக் கண் பெண். பிள்ளைகள் எல்லாம் சிவப்புக் கண்ணோடு பிறக்கும். அந்தப் பிள்ளைகளுக்குள்ளேயே ஜோடி சேர்த்தால் – ஈக்கள் முறையெல்லாம் பார்ப்பதில்லை – பேரப்பிள்ளைகளில் மூன்று பங்கு சிவப்பு, ஒரு பங்கு பழுப்பு. ஒரு தலைமுறை பதுங்கிக் கிடந்த பழுப்பு மறுபடி தலைகாட்டும். அதை எண்ணி, எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் பாடம் நடத்தும் யென் மேடத்திடம் கொடுக்க வேண்டும். பெய்ச்செனுக்குப் பிள்ளைகள் பிறந்தன. பேரப்பிள்ளைகளைக் காணோம்.

"சீனியர், என் ஈக்கு என்ன கேடு?"

ஃபாங் போயுவான் சோயாப் பால் உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. ஏழாவது வருஷ ஆய்வு மாணவன். இந்த வகுப்பை மேய்ப்பது அவன் வேலை. "எனக்கே என்ன கேடுன்னு தெரியல. உன் ஈக்கு எங்க போய்ப் பாக்குறது?"

"மத்தவங்க குப்பியெல்லாம் புழு நெளியுது. எனக்கு மட்டும்தான் இல்ல."

"நீதான் மறுபடி எடுக்குறவ. உன்கூட ஜோடி சேர ஆள் வரல, பழைய இன்குபேட்டர்ல தனியா போட்டோம். ஈக்கும் மனசு விட்டுப் போயிருக்கும்." உறிஞ்சி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பேசாம நம்பரை எழுதிடு. மூணுக்கு ஒண்ணு. நான் பாக்கல."

"பிணவறை?"

எண்ணி முடித்த ஈக்களை ஆல்கஹால் புட்டியில் போட்டு அறிக்கையோடு ஒப்படைக்க வேண்டும் என்பது யென் மேடத்தின் சட்டம். மாணவர்கள் அந்தப் புட்டிக்கு வைத்த பெயர் அது.

"போன செட்டு புட்டியெல்லாம் அலமாரியில இருக்கு. நல்ல குடும்பத்துப் பிணமா பொறுக்கித் தரேன். காலையில ஒரு மாட்டிறைச்சி சூப் வாங்கிக் குடு, போதும்."

"செத்த ஈக்கு சூப்பா? சின்னக் கிண்ணமா, பெரிய கிண்ணமா?"

"பெரிசு."

"பாதி ஈக்கு இறக்கையே இருக்காது சீனியர். சின்னது."

"சின்னது, ஆனா கறி கூட."

"சரி, தொலைங்க."

பேரம் படிந்தது. ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. செத்த ஈக்கு விலை பேசுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அலுப்புத்தான் வந்தது. எண்களையும் மனதுக்குள்ளேயே கட்டிவிட்டாள். சரியாக மூன்றுக்கு ஒன்று போடக் கூடாது. கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் கணக்கு நிஜம் மாதிரி இருக்கும். சந்தையில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டாம்.

மிச்சமிருந்த குப்பிகளைக் கொட்டிவிடலாம் என்று பழைய இன்குபேட்டரைத் திறந்தாள். வெளியே ஜூன் மாதத்து வெயில், அறைக்குள் ஏ.சி. அப்படியும் உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது. இருபத்தைந்து டிகிரியில் நிற்க வேண்டிய பெட்டி இப்படியா சுடும்? முகப்பில் எண் காட்டுகிற திரை செத்துப்போய் வெகுகாலம். உள்ளே ஒரு கண்ணாடி வெப்பமானி உண்டு. குப்பி அடுக்குகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். பாதரசம் முப்பதுக்கு மேலே ஏறி நின்றது.

"சீனியர்!"

போயுவான் வந்து வெப்பமானியைப் பார்த்தான். பிறகு இன்குபேட்டரின் தலையைப் பார்த்தான். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இடைவெளி விடாமல் பச்சைப் பொட்டலங்கள்.

இந்த ஊரில் ஒரு இயந்திரம் ஒழுங்காக ஓட வேண்டும் என்றால் அதன் தலையில் தேங்காய் வாசனைத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று வைப்பார்கள். தின்பண்டத்தின் பெயரே 'சமத்தா இரு' என்பதுதான். வங்கியிலும் வைப்பார்கள், ஆஸ்பத்திரியிலும் வைப்பார்கள். பச்சைப் பொட்டலம்தான் ஆகும், தேதி தாண்டக் கூடாது, பிரித்துத் தின்னக் கூடாது. ஒன்று வைத்தால் போதும். ஆனால் மூன்றாம் முறை எழுதுகிறவளுக்கு ஒன்று போதுமா? அப்பாவின் பக்கத்துக் கடைக்காரர் மொத்த விலைக்குத் தந்தார். பெய்ச்சென் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வந்து வரிசையாக அடுக்கிவிட்டாள். இன்குபேட்டர் மூச்சு விடுகிற ஓட்டையே அதன் தலையில்தான் இருந்தது.

"அடிப்பாவி," என்றான் போயுவான். "சாமி கும்பிடுறேன்னு சாமி மூக்கை அடைச்சிருக்கியே."

"சூட்டுல ஈ சாகலையே?"

"சாகாது. ஆண் ஈ இந்தச் சூட்டுல வளந்தா மலடு. பொண்ணு முட்டை போடும், பொரியாது." சொல்லிவிட்டு அவனே சுவரில் சாய்ந்துகொண்டான். "தினம் அந்த வெப்பமானியைப் பாத்துக் குறிக்கணும். என் வேலை அது."

"பாத்தீங்களா?"

அவன் பொட்டலங்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே வைக்க ஆரம்பித்தான்.

பெய்ச்சென் முக்காலியில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. பொய் எண் தயார், பிணம் தயார். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஆனால் யென் மேடம் முப்பது வருஷமாக இதே ஈக்களைப் பார்க்கிறவர். போலிக் கணவாயை முகர்ந்தே தள்ளிவிடுகிற ஆள் அவள் அப்பா. மேடமும் அந்த ரகம். இப்போது கையில் இருப்பது முதல்முறையாக அசல் சரக்கு. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

"சூப் கேன்சல்," என்று எழுந்தாள்.

யென் மேடத்தின் மேஜையில் திருத்தாத தாள்கள் குவிந்து கிடந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டைத் தேய்த்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"எத்தனை பொட்டலம் வச்ச?"

"ஒரு பெட்டி, மேடம்."

"ஒரு பெட்டி." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் கேட்டது பேரப்பிள்ளை. நீ கொண்டு வந்தது சாக்கு."

"சாக்கு இல்ல மேடம், காரணம்."

"சூடுதான் காரணம்னு நீயா சொல்ற. கூழ் கெட்டுப் போயிருக்கலாம். பொண்ணு மலடா இருக்கலாம். எதை வச்சு ஆணைக் குத்தம் சொல்ற?"

"என் பெண் ஈயை நல்ல ஆணோட விட்டா முட்டை பொரியும். என் ஆணை நல்ல பெண்ணோட விட்டா பொரியாது. ஒரே கூழ், ஒரே அறை. ஒரு வாரம் குடுங்க."

"மார்க் திங்கட்கிழமை ஏத்தணும்."

"அஞ்சு நாள்."

"இன்னைக்கு வியாழன். திங்கட்கிழமை காலையில வா. முட்டை பொரிய ஒரு நாள் போதும், உனக்கெதுக்கு அஞ்சு நாள்? தூங்கவா?"

"ஆமா மேடம்," என்றாள் பெய்ச்சென். அது உண்மை.

மேடத்தின் வாயோரம் லேசாக அசைந்தது. "ரெண்டு குப்பியும் நீ சொன்ன மாதிரி வந்தா அறுபது, வெறும் பாஸ் மார்க். அறுபத்தொண்ணு கேக்காத. ஒண்ணு பிசகினாலும் அடுத்த வருஷம் பாப்போம். அந்த வெப்பமானியை யார் பாக்கணும்?"

பெய்ச்சென் மேஜை விளிம்பைப் பார்த்தாள். அவன் பெயரை விற்றால் நாலைந்து மார்க் கூடக் கிடைக்கும் என்று உள்ளே ஒரு குரல் கணக்குப் போட்டது. கதவருகே நின்றிருந்த போயுவான் பெருமூச்சு விட்டு, "நான்தான் மேடம்," என்றான்.

"தெரியும். நீ இங்க வந்து ஏழு வருஷம் ஆச்சு, எனக்குத் தெரியாதா?"

நல்ல ஈக்களை அவன்தான் எடுத்துக் கொடுத்தான். கூட்டை விட்டு அப்போதுதான் வந்த, ஆணை இன்னும் பார்த்திராத பெண் ஈக்களை, இறக்கை விரியாமல் கசங்கிக் கிடக்கும்போதே பிரித்தெடுக்க வேண்டும். அதற்காக அவன் காலையிலும் மாலையிலும் வந்தான். சனியும் ஞாயிறும் பெய்ச்சென் கடைக்கும் ஆய்வகத்துக்குமாக ஸ்கூட்டரில் அலைந்தாள். மழை கொட்டியது. அப்பா ஒருமுறை கேட்டார்: "ஈ வளக்கவா அஞ்சு வருஷம் படிக்க வச்சேன்? நம்ம கடையில இல்லாத ஈயா?" அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை காலை மேடம் இரண்டு குப்பிகளையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். பெய்ச்செனும் போயுவானும் பின்னால் நின்றார்கள். அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். ஆனாலும் மேடத்தின் கண் பார்க்கிற வரை அது செல்லாது.

முதல் குப்பியில், அவளுடைய ஆண்களோடு சேர்ந்த நல்ல பெண்களின் முட்டைகள் வெள்ளையாக, அசைவற்றுக் கிடந்தன. மேடம் ஊசி முனையால் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது குப்பி, அவளுடைய பெண்களும் நல்ல ஆண்களும். கூழின் மேல் நூல் நூலாகத் தடம். தடத்தின் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு புழு, கறுப்பு வாய்க் கொக்கியால் கூழைக் கொத்திக்கொண்டே முன்னேறியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் நிறைய.

மேடம் வெகுநேரம் பார்த்தார். புழுவைப் பார்க்கிறாரா, கண்ணை மூடி ஓய்வெடுக்கிறாரா என்று பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

"அறிக்கை எழுதினியா?"

"எழுதிட்டேன் மேடம்."

"பொட்டலம் வச்சதையும்?"

"மொத்த விலைக்கு வாங்கினது வரைக்கும்."

"விலையை அடிச்சிடு." கணினிப் பக்கம் திரும்பி, பல்கலைக்கழக இணையதளம் திறக்கும் வரை விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். அறுபது என்று அடித்தார். "போய்ப் படு. யாராவது கேட்டா, எங்கிட்ட படிச்சேன்னு சொல்லாத."

வராந்தாவில் பெய்ச்சென் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். தேறினால் கத்த வேண்டும் போல இருக்கும் என்று மூன்று முறையும் நினைத்து வைத்திருந்தாள். இப்போது தலையைச் சாய்க்க ஒரு இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. தீவனக் கம்பெனிக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: 'ஜூலை ஒன்றாம் தேதி வருகிறேன்.' அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினாள்.

"தூங்கிடாத," என்றான் போயுவான், ஒரு வாளியையும் தேய்க்கும் பிரஷையும் அவள் பக்கத்தில் வைத்தபடி. "மொத்த வகுப்பு குப்பியும் கழுவாம கிடக்கு. பாஸான கையால ஆரம்பி."

"என் குப்பியை மட்டும்தான் கழுவுவேன்."

"பாதி."

"கால்வாசி," என்றாள், கண்ணைத் திறக்காமலே.