வாசல் மேசையில் அடுப்பு வைத்தவள்

1

இந்தக் கதை போண்டாவில் பிறந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் ஒரு கல்லூரி. அங்கே எனக்குத் துப்புரவு வேலை. அதற்கு முன்னால் சித்தாள். அன்றைக்குக் கம்ப்யூட்டர் கட்டடத்து வகுப்பறையைப் பெருக்கப் போனேன். நாற்காலிகள் நிறைய, தட்டில் போண்டா நிறைய, ஆட்கள்தான் இல்லை. அந்தப் பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற ஸ்டெபின் சார், “செல்வமேரிக்கா, கொஞ்சம் உக்காருங்களேன்” என்றார். முட்டியில் வலி. அறையில் ஏசி. உட்கார்ந்தேன்.

ஆராய்ச்சியைப் பற்றிய கதையைப் போண்டாவில் தொடங்கலாமா என்று கூச்சமாக இருந்தது. அதனால் இன்னொரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன்:

‘அறிவின் இருண்ட குகைக்குள்ளே ஆயிரமாயிரம் தீபங்கள் சுடர்விட, அங்கே ஒரு மாபெரும்—’

(இங்கே நின்றுவிட்டது. நாற்பதைத் தாண்டித்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். நீளமான வாக்கியத்தில் ஏறிவிட்டால் எனக்கு இறங்கத் தெரியாது.)

கூட வேலை பார்க்கும் குஜாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன்.

“இன்னாமே இது, குகை கிகைன்னு? அங்க பச்ச லைட்டு மினுக்கிகினு கீது, அவ்ளோதான? நீ போண்டா துன்னத எழுது. அதான் நெசம்.”

எழுதிவிட்டேன்.

2

ஒரு கதைக்கு வில்லன் வேண்டும். ஸ்டெபின் சாரை அப்படி ஆக்கலாம் என்று பார்த்தேன். அந்தப் பெரிய கம்ப்யூட்டரில் நுழைய அபிகாயிலுக்கு இருந்த கணக்கைப் பூட்டியவர் அவர்தானே?

அபிகாயில் தாம்பரம் பக்கத்து வேறொரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். முடிச்சூர்ப் பக்கம் பெருமழை பெய்தால் தண்ணீர் எந்தத் தெருவில் ஏறும், எந்தத் தெருவில் வடியும் என்று கணக்குப் போடுகிறாள். சாதாரணக் கம்ப்யூட்டரில் போட்டால் மழையே வந்து போய்விடுமாம். அதனால் இங்கே வருகிறாள். இந்தப் பெரிய மிஷின் பல கல்லூரிகளுக்கும் பொது. இன்னதற்கு வேண்டும் என்று விண்ணப்பம் போட வேண்டும். ஒரு குழு பார்த்து, இத்தனை மணி நேரம் என்று ஒதுக்கும். மாதம் முடிவதற்குள் பயன்படுத்தாத நேரம் கையைவிட்டுப் போய்விடும்.*

அவள் கணக்கு பூட்டியிருந்தது. மாதத்தின் கடைசி நாள் அன்றுதான்.

சரி, வில்லன். ‘ஸ்டெபின் இரக்கமற்ற கண்களால் அவளை—’

முடியவில்லை. அந்த மனிதர் அப்போது சட்னி தீர்ந்துபோன கவலையில் இருந்தார். அவரை வைத்து வில்லத்தனம் எழுத எனக்குக் கை வரவில்லை.

(* அடுத்து அந்தக் குழு கூடுவது மழைக்காலம் முடிந்த பிறகு. மழைத் தண்ணீர்க் கணக்குக்கு அப்போது நேரம் கிடைத்து என்ன செய்ய?)

3

அவள் செய்த தப்பு என்ன என்று இப்போது சொல்ல வேண்டும். ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, முதலில் அது. அந்தத் தப்பைச் செய்தவர் யாரோ அவரே, மிஷினுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அடுத்த வகுப்பை எடுக்க வேண்டும். வந்து உட்கார்ந்த புது ஆள் ‘புரிந்தது’ என்று சொன்னால்தான் பூட்டிய கணக்கு திறக்கும். அன்றைக்கு வரவேண்டிய புது ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அறையில் இருந்த ஒரே புது ஆள் நான்.

“அண்ணா, விளையாடுறீங்களா? அக்கா பெருக்க வந்தவங்க” என்றாள் அபிகாயில்.

“உக்காந்துட்டாங்கல்ல? ரூல்ல டிகிரி கேக்கலியே, அபி.”

“நான் வேணா போய்டட்டுமா?” என்றேன். கையில் பாதிப் போண்டா.

“ஐயோ, போய்டாதீங்கக்கா!” இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள்.

4

அவள் முதலில் சொன்னதை எழுத முடியாது. முழுக்க இங்கிலீஷ். நான் தலையாட்டினேன். மாடு கூட ஆட்டும்.

பிறகு போர்டை அழித்துவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, கல்யாண மண்டபத்துச் சமையல்கூடம் தெரியுமா?”

“பாத்திரம் தேச்சிருக்கேன்.”

“உள்ள நிறைய அடுப்பு. அதான் பெரிய மிஷின். வாசல்ல ஒரு சின்ன மேசை. எல்லாரும் அதுல வந்து, எனக்கு இத்தன அடுப்பு, இவ்ளோ நேரம் வேணும்னு டோக்கன் போட்டுட்டுப் போயிடணும். முறை வந்ததும் உள்ள சமையல் தானா நடக்கும்.”

“முறைய யாரு பாக்குறது?”

“அதுக்கும் ஒரு ப்ரோக்ராம் இருக்குக்கா. ஏற்கெனவே நெறைய சமைச்சவங்க கொஞ்சம் பின்னாடி. அண்டா அண்டாவா பாயசம் வேணும்னா பெரிய அடுப்பு எல்லாம் காலியாகுற வரைக்கும் நிக்கணும். ஒரு டம்ளர் காபின்னா நடுவுல கெடைக்குற எடத்துல பூந்துடலாம்.”

“எங்க பஸ் மாதிரி.”

“அதேதான்! நான் என்ன பண்ணேன், மழைக் கணக்குக்கு டோக்கன் போடாம அந்தச் சின்ன மேசை மேலயே அடுப்ப மூட்டிட்டேன். ஊர்ல உள்ள ஒருத்தராலயும் டோக்கன் போட முடியல.”

“ஏம்மா அப்படி?”

“வந்த உடனே உள்ள வந்துட்டோம்னு நெனச்சுட்டேன்க்கா. அது வாசல்னு தெரியல.”

ஸ்டெபின் சார் சிரித்தார். “எல்லாரும் அதத்தான் நெனைக்கிறாங்க. மொதல் வருஷம் நானும்தான்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “சொல்லுங்கக்கா. புரிஞ்சுதா?”

5

முடிவு, முதல் வகை: “நல்லாப் புரிஞ்சுது சார்” என்கிறேன். “அப்போ நீங்க ஒரு தடவ சொல்லுங்க” என்கிறார். வாயில் போண்டா. மாட்டிக்கொள்கிறேன்.

இரண்டாம் வகை: “புரியல” என்கிறேன். அபிகாயில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள். அவளுடைய—

(இதை எழுத எனக்கு மனசில்லை.)

“நீ இன்னா சொன்ன, அத்த எழுதேன்மே! அந்தப் பொண்ணு பாவம்” என்கிறாள் குஜாம்பாள்.

எழுதமாட்டேன். காரணம் இருக்கிறது. வழக்கப்படி பதில் சொல்லவேண்டியவர் புதிதாக வந்து உட்கார்ந்தவர். இதை எழுதி, அடித்து, மறுபடி எழுதியதில் நான் பழைய ஆளாகிவிட்டேன். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் நீங்கள். அவள் சொன்னதைக் கேட்டீர்கள். குழப்பம் இருந்தால் பிழை என் எழுத்தில். அவள் நன்றாகத்தான் சொன்னாள்.

ஸ்டெபின் சார் கீபோர்டில் விரல் வைத்துக் காத்திருக்கிறார். மழைக் கணக்கு தயாராக இருக்கிறது. அபிகாயில் உங்கள் முகத்தையே பார்க்கிறாள்.

வாசல் மேசையில் என்ன செய்யலாம்? அடுப்பை எங்கே மூட்டலாம்?

சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்து அறை மிஷின் இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் காதில் விழாது.